மாதாவிடம் வைக்காத பூ

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குள் வைத்து நான் அப்பாவின் கையைக் கடித்தேன். இந்தப் பலெர்மோவில், பல்லாரோச் சந்தைக்குப் பின்னால், அல்பெர்கேரியாச் சந்துகளில் என்னோடு ஓடித் திரிந்த உங்களுக்கு அது மட்டும்தான் நினைவிருக்கிறது. போன கிழமை கலியாண வீட்டிலும் பாருங்கள், உங்களில் ஒருவன், தலையில் பாதி வழுக்கை, மீதி நரை, என்னைக் கண்டதும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, "தள்ளி நில்லுங்கோ, கடிக்கிற மச்சாள் வாறா" என்றான். எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். முழங்காலுக்கு எண்ணெய் தடவுகிற வயதில் இதற்கெல்லாம் முகத்தை நீட்டிக்கொண்டு நிற்க முடியுமா?

ஆனால் வீட்டுக்கு வந்து சேலையை மடித்து வைக்கும்போது அழுகை வந்துவிட்டது. ஏன் கடித்தாய் என்று இத்தனை வருடத்தில் உங்களில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்காவிட்டால் போகட்டும், நானே சொல்கிறேன்.

தாய் ஞாயிறு என்பது எங்கள் ஊருக்கு மட்டும் உரியது. சைவ வீட்டுப் பிள்ளைகளை விடுங்கள், எங்களைப் போன்ற வேதக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கே அது தெரியாது. தீவுப்பக்கத்து ஆட்கள் "இதென்ன புதுப் பெருநாள்" என்று எங்களைக் கேலி செய்வார்கள். மன்னார்க் கரையில் இருந்த எங்கள் ஊர்க் கோயிலில், எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரச் சுவாமியார் தன் ஊர்ப் பழக்கத்தைத் தொடங்கிவைத்துவிட்டுப் போனாராம். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தின் நாலாம் ஞாயிறு. தவக்காலம் முழுவதும் பீடத்தில் ஒரு பூ இருக்காது. அந்த ஒரு ஞாயிறு மட்டும் வைக்கலாம். சுவாமியாரும் ஊதா உடுப்பைக் கழற்றி வைத்துவிட்டு ரோசா நிற உடுப்புப் போடுவார். ஞானஸ்நானம் பெற்ற கோயிலுக்கு அன்றைக்கு எல்லோரும் திரும்பி வரவேண்டும். வெளியூரில் கலியாணம் கட்டிய பெண்கள் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு வந்து சேர்வார்கள். கோயிலும் தாய், பெற்றவளும் தாய், இரண்டு பேரையும் ஒரே நாளில் பார்த்துவிட்டுப் போ என்பதுதான் அதன் நியாயம்.

பிரசங்கம் முடிந்ததும் பிள்ளைகள் கையில் ஒரு பூவோடு எழும்புவார்கள். தாய் இருக்கிற பிள்ளை பூவைத் தாயின் கையில் கொடுக்கும். தாய் இல்லாத பிள்ளை நேரே போய் மாதா சுரூபத்தின் காலடியில் வைக்கும். பல்லுப் போன கிழவர்கள்கூட அன்றைக்குப் பிள்ளைகளாகி, தள்ளாடிக்கொண்டு போய் மாதாவிடம் பூ வைப்பதைக் கண்டிருக்கிறேன். தாயை இழந்த சின்னப் பிள்ளைக்கு எங்கள் ஊரில் விளக்கமெல்லாம் சொல்லமாட்டார்கள். அந்த ஞாயிறு வரும்போது "இனி உன்ரை பூ மாதாவுக்கு" என்பார்கள். பிள்ளை விளங்கிக்கொள்ளும்.

இத்தாலிக்கு, பலெர்மோவுக்கு வந்த இடத்தில் ஒரு சிக்கல் முளைத்தது. தாய் உயிரோடு கடலுக்கு அப்பால் இருந்தால் பூவை எங்கே கொடுப்பது? ஊரில் அந்தக் கேள்விக்கே இடம் இருக்கவில்லை. ஊர்க்காரர் கூடிக் கதைத்து, சத்தம் போட்டு, இரண்டு பேர் கோபித்துக்கொண்டு எழும்பிப் போய், கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். தாய் தூரத்தில் இருந்தால் அவளுக்காக அந்தப் பூவை வேறொரு பெண் வாங்கலாம். அதற்குப் பதில் கை என்று பெயர் வைத்தார்கள். என் அம்மாவுக்குப் பதில் கை மாமி, அப்பாவின் அக்கா. மாமியின் கைக்குப் பூ போனால் அம்மா இருக்கிறார். மாதாவின் காலடிக்குப் போனால் இல்லை. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மிச்சமெல்லாம் அதிலிருந்து வந்ததுதான்.

அப்பாவும் நானும்தான் முதலில் வந்தோம். கூட்டிவந்த ஏஜென்ற், ஓர் ஆம்பிளையும் ஒரு பிள்ளையும் என்றால் சுகமாகக் கடத்திவிடலாம் என்றானாம். அம்மா அடுத்த முறை, டிசம்பர் நத்தார் கழிந்ததும். பிரியும்போது அம்மா தன் கோயில் முக்காட்டை, ஓரத்தில் பூவேலை செய்த அந்த வெள்ளை வலைத்துணியை, என் பைக்குள் மடித்து வைத்தார். "துலைச்சுப் போடாதை. அங்கை வந்தவுடனை பூசைக்குப் போக எனக்கு வேணும்" என்றார். தலைக்கு வைக்கிற எண்ணெயும் மெழுகுதிரிப் புகையும் கலந்த ஒரு மணம் அதில் இருந்தது. நான் தினமும் ஒரு தரம் முகர்ந்துவிட்டுத் திரும்ப மடித்து வைப்பேன். அடிக்கடி முகர்ந்தால் மணம் தீர்ந்துவிடும் என்று பயம்.

நாப்போலியிலிருந்து கப்பலில்தான் பலெர்மோவில் வந்து இறங்கினோம். அதனால் இந்த ஊருக்கு வருகிற எல்லோரும் அந்தத் துறைமுகத்தில்தான் இறங்குவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாமியின் வீடு மேல்மாடியில். குளிர்காலத்தில் சுவர் வியர்க்கும். ஒரு சுவரில் மாமி மாட்டியிருந்த கலண்டரே ஊறிப்போய் மாதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். பக்கத்து வீடு இருந்த இடத்தில் கற்குவியலும், அதற்குள் முளைத்த ஒரு அத்திமரமும். பழைய உலகச் சண்டையில் குண்டு விழுந்ததாம். குண்டு என்பது எங்கள் ஊருக்கு மட்டும் வருவது என்று நினைத்திருந்த எனக்கு அது பெரிய ஆச்சரியம். காலையில் மீன்காரர்கள் கூவுகிற கூச்சலோடும் கடலைமாப் பலகாரம் பொரிகிற எண்ணெய் வாசத்தோடும் விடியும். அப்பா லிபெர்த்தா வீதிப் பக்கம் ஒரு வயதுபோன டாக்குத்தரின் வீட்டில் தங்கி வேலை செய்தார். வியாழன் பின்னேரமும் ஞாயிறும் மட்டும் வருவார். வரும்போது அவர் உடுப்பில் வேறு யாரோ வீட்டுச் சவர்க்கார வாசம் இருக்கும், எனக்கு அது பிடிக்காது.

நத்தார் வந்து போனது. அம்மா வரவில்லை.

அப்போது எனக்குத் தெரியாததை, பிறகு அறிந்ததை, இப்போது சொல்லிவிடுகிறேன். ஆமி வருகிறது என்று ஊர்ச்சனம் முழுவதும் கரைக்கு ஓடி, வள்ளங்களில் இந்தியாவுக்குப் புறப்பட்டது. முதல் வள்ளம் போய்ச் சேர்ந்தது. இரண்டாவது சேரவில்லை. மண்டபம் அகதி முகாமுக்குப் போய்ச் சேர்ந்த ஒருத்தி, இரண்டாவது வள்ளத்தில் அம்மா ஏறியதைக் கண்டதாகச் சொன்னாள். இன்னொருத்தி, ஏறியவர் திரும்ப இறங்கிக் கோயிலடிப் பக்கம் நடந்துபோனதைக் கண்டதாகச் சொன்னாள். இரண்டு பேரும் மாதாவின் மேல் சத்தியம் செய்தார்கள். அந்தக் கரையில் பிறகு யாரும் இல்லை, கேட்பதற்கு ஆளில்லை. இங்கே தங்குவதற்கான பெர்மெஸ்ஸோக் கடதாசியும் அப்பாவிடம் இல்லை. தேடிப் போனால் திரும்பி இத்தாலிக்குள் வர முடியாது. நானோ இங்கே.

அந்த நாட்களில் எனக்குத் தெரிந்ததெல்லாம் சந்தியில் இருந்த டெலிபோன் கடைதான். என்னை வெளியே நிறுத்திவிட்டு மாமியும் அப்பாவும் கண்ணாடிக் கூட்டுக்குள் போவார்கள். அப்பாவின் வாய் அசையும். பிறகு அசையாது. ரிசீவரைப் பிடித்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். வெளியே வந்ததும் "லைன் கிடைக்கேல்லை பிள்ளை" என்பார். லைன் கிடைக்காத மனிதன் அவ்வளவு நேரம் எதைக் கேட்டுக்கொண்டு நின்றான் என்று யோசிக்கிற வயது எனக்கு வந்திருந்தது.

அதோடு மாமி என்னைத் திட்டுவதை நிறுத்திவிட்டார். மாமியின் வாய் உங்களுக்குத் தெரியும். தண்ணீரைத் திறந்து விட்டாய், லைற்றை அணைக்கவில்லை, சப்பாத்தை வாசலில் விட்டாய் என்று எழும்பியதிலிருந்து படுக்கும்வரை எனக்கு அர்ச்சனை நடக்கும். அது ஒரே நாளில் நின்றது. தன் பிள்ளைகளுக்கு இல்லாத அவித்த முட்டையை என் தட்டில் மட்டும் வைத்தார். தலை வாரும்போது இழுக்காமல் வாரினார். அதற்கு முன் யாருடைய அன்பும் என்னை அப்படிப் பயமுறுத்தியதில்லை.

தாய் ஞாயிற்றுக்கு முதல் நாள் பின்னேரம், கத்தரிக்காய் வெட்டிக்கொண்டு, என்னைப் பாராமலே மாமி சொன்னார்:

"பிள்ளை, நாளைக்குப் பூவை மாதாட்டை வை."

"உங்களிட்டைத் தரச்சொல்லியெல்லோ சொன்னனீங்கள்?"

"மாதாட்டை வை."

"ஏன் மாமி?"

"உன்ரை கொப்பா சொன்னவர்."

கத்தி பலகையில் தட்டுகிற சத்தம் நிற்கவேயில்லை. நான் அழவில்லை. அம்மாவுக்கு என்ன நடந்தது என்று கேட்கவேண்டும் போலிருந்தது. கேட்டால் சொல்லிவிடுவார்கள் என்ற பயத்தில் கேட்கவில்லை.

பூவுக்காகக் கீழ்வீட்டு சிஞ்ஞோராவிடம், அந்த இத்தாலிய அம்மாளிடம், போனேன். தனி மனுசி. அவருடைய பால்கனியிலிருந்து சந்துக்குள் தலை நீட்டிக்கொண்டிருக்கும் சிவப்பு ஜெரேனியம் உங்கள் எல்லோருக்கும் தெரியும், அதில் பந்தை அடித்து ஏச்சு வாங்காதவர் உங்களில் இல்லை. ஒரு கொத்தை வெட்டித் தந்து, யாருக்கு என்று கேட்டார். அம்மாவுக்கு என்றேன். அம்மா எங்கே என்றார். தெரியாது என்றேன். எனக்குத் தெரிந்த இத்தாலியப் பாஷையில் அதைத்தான் பிழையில்லாமல் சொல்ல முடிந்தது.

சிஞ்ஞோரா என்னை உள்ளே கூட்டிப்போய் ஒரு சிப்பாயின் படத்தைக் காட்டினார். பாதி வார்த்தையும் பாதிக் கையுமாக விளங்கப்படுத்தினார். அண்ணன். சண்டைக்குப் போனவன். ரஷ்யா, பனி. திரும்பி வரவில்லை. தன் அம்மா சாகும்வரை ஒவ்வொரு நாளும் அவனுக்கும் ஒரு தட்டு வைத்தார் என்று சொல்லி, மேசையில் அந்த இடத்தை உள்ளங்கையால் தடவினார்.

"செத்துப்போனாரா?" என்று கேட்டேன்.

யாருக்குத் தெரியும் என்பதுபோல் தோளைத் தூக்கினார். அவருக்கு அழுகையும் வரவில்லை, வெட்கமும் வரவில்லை. தெரியாது என்று ஒரு பெரிய மனுசி இவ்வளவு லேசாகச் சொல்லலாம் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் அம்மாவின் முக்காட்டைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனேன். ஞாயிறு பின்னேரங்களில் இத்தாலியர்கள் எங்களுக்கு இரவல் தருகிற கோயில்தான், ஆனால் அன்றைக்குக் காலையிலேயே தந்திருந்தார்கள். நனைந்த கல்லின் வாசம். தமிழ்ச் சுவாமியின் ரோசா உடுப்பு வெளுத்து, கழுவிய மீன் செதிளின் நிறத்துக்கு வந்திருந்தது. பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். அப்பா முன்வரிசையில் இருந்தார். சவரம் செய்யாத முகம். என்னைத் திரும்பிப் பார்க்கவேயில்லை.

பிரசங்கம் முடிந்தது. பிள்ளைகள் எழும்பினார்கள். நீங்களும்தான் எழும்பினீர்கள், உங்கள் அம்மாமார் உங்களைக் கொஞ்சி, பூவைக் கொண்டையில் செருகிக்கொண்டார்கள். நான் மாதாவின் பக்கம் போகவில்லை. நேரே மாமியின் முன்னால் போய் நின்று பூவை நீட்டினேன்.

மாமி இரண்டு கையையும் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டார்.

"வாங்குங்கோ மாமி."

"மாதாட்டைப் போ பிள்ளை."

"வாங்குங்கோ."

மாமி கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த பெண்ணிடம் நீட்டினேன். அவர் குனிந்து தன் பிள்ளையின் சட்டையைச் சரிசெய்தார். அதற்கடுத்தவர் செபமாலையை உருட்டினார். வரிசை வரிசையாகப் போனேன். எனக்கு வாழைப்பழம் தந்தவர்கள், சளி பிடித்தபோது நெஞ்சில் தைலம் தேய்த்துவிட்டவர்கள். அந்தக் கோயிலில் இருந்த பெண்களில் ஒருவராவது கையை நீட்டியிருந்தால் என் அம்மா உயிரோடு இருந்திருப்பார். அப்படித்தான் நினைத்தேன். ஒருவரும் நீட்டவில்லை. நீட்டி நீட்டியே இதழ்கள் நிலத்தில் கொட்டத் தொடங்கின.

அப்போதுதான் அப்பா எழும்பி வந்தார். என் மணிக்கட்டைப் பிடித்து மாதாவின் பக்கம் இழுத்தார். நான் கதிரைக் காலைப் பிடித்தேன், கதிரையும் கூடவே வந்தது. மாதாவின் கால் கிட்டக்கிட்ட வந்தது. சுண்ணாம்புக் கால், பெருவிரலில் நிறம் உரிந்த கால். என் விரல்களைப் பிரித்துப் பூவை எடுக்கப் பார்த்தார். கடித்தேன். விளையாட்டுக் கடி இல்லை. வாய்க்குள் இரத்தம் உப்புக் கரித்தது.

பிறகு ஓடினேன். உங்களுக்குத் தெரிந்த கதை இந்த இடத்தோடு முடிகிறது.

சந்தைக்குள்ளால் ஓடினேன். மீன் தட்டுகளுக்கு நடுவில் ஐஸ் தண்ணீரில் சறுக்கி விழுந்து எழும்பினேன். பெரிய வீதிக்கு வந்த பிறகுதான் தலையில் முக்காடு இல்லை என்பது தெரிந்தது. திரும்பிப் போய் எடுத்திருக்கலாம். போகவில்லை, அப்பா பின்னால் வருகிறார் என்று பயம். அந்த வெள்ளை முக்காட்டைப் பிறகு நான் காணவேயில்லை. அப்பா மீன்காரர்கள் எல்லோரிடமும் போய்க் கேட்டார். யாராவது தட்டுத் துடைக்க எடுத்திருப்பார்கள். அம்மாவின் மணம் உலகத்தில் கடைசியாக இருந்த இடம் அதுதான். இன்றைக்கும் பல்லாரோவில் மீன் வாங்கும்போது என் கண் நிலத்தில்தான் இருக்கும். மகள் கேலி செய்வாள்.

துறைமுகத்துக்குப் போனேன். நாப்போலிக் கப்பல் வந்து நின்றிருந்தது. ஆட்கள் பெட்டிகளோடு இறங்கி முடிந்து, வாகனங்களும் இறங்கி முடிந்து, கதவை மூடிவிட்டார்கள். நான் மதிலோரம் இருந்து அந்த மூடிய கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொத்தில் பாதிப் பூ மிஞ்சியிருந்தது. அந்தப் பிள்ளையை இப்போது கண்டால் தூக்கி மடியில் வைத்துக்கொள்வேன். அன்றைக்கு யாரும் தூக்கவில்லை.

அப்பா எப்படியோ கண்டுபிடித்து வந்து பக்கத்தில் இருந்தார். கடிபட்ட கையில் கைலேஞ்சித் துணி சுற்றியிருந்தது.

"கொம்மா இதிலை வரமாட்டா பிள்ளை."

"அம்மா செத்ததை நீங்கள் கண்டனீங்களோ?"

"இல்லை."

"ஆரும் கண்டவையோ?"

"இல்லை."

"அப்ப ஏன் வைக்கச் சொன்னனீங்கள்?"

அப்பா கப்பலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"எனக்குத் தாங்கேலாமல் கிடக்கு. ஒண்டில் இருக்கிறா எண்டு ஆரும் சொல்லவேணும். இல்லையெண்டால் இல்லை எண்டு சொல்லவேணும். ஒருத்தரும் ஒண்டும் சொல்லுறாங்களில்லை. நீ அந்தப் பூவை வைச்சால் ராவிலை நித்திரையாவது கொள்ளலாம் எண்டு நினைச்சன்."

அப்பா அழுததை அன்றுதான் முதலில் கண்டேன். ஒரு பெரிய ஆம்பிளை துறைமுகத்து மதிலில் இருந்து சின்னப் பிள்ளையைப் போல் மூக்கை உறிஞ்சுவதை இத்தாலியர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள்.

"போய்த் தேடுங்கோவன் அப்பா."

"போனால் உன்னட்டைத் திரும்பி வரேலாது."

அப்பா கையை நீட்டினார். பறிப்பதற்காக நீட்டிய கை இல்லை அது, விரித்த கை. மிஞ்சிய பூவை அதில் வைத்தேன். அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "சரி, வைக்கவேண்டாம். வா, வீட்டை போவம்" என்றார். வீட்டில் ஒரு கோப்பிக் கிளாஸில் தண்ணீர் விட்டு அதைப் போட்டு வைத்தார். மாமி அதைப் பார்த்தார். அடுத்த நாள் காலை, தண்ணீரைத் திறந்து விட்டதற்காக என்னைத் திட்டினார். எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா?

அதற்குப் பிறகு ஒவ்வொரு தாய் ஞாயிற்றுக்கும் அப்பாவே சிஞ்ஞோராவிடம் போய்ப் பூ வாங்கிவருவார். நான் அதைக் கோயிலுக்குக் கொண்டுபோவேன். யாரிடமும் கொடுக்கமாட்டேன், மாதாவிடமும் வைக்கமாட்டேன். பூசை முடியும்வரை பிடித்திருந்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து கிளாஸில் வைப்பேன். "திரும்பிப் போற பூ" என்று எங்கள் ஊர்ப் பெண்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். அதற்குள் சிலர் அப்பாவுக்கு மறுகலியாணமும் பேசினார்கள். அம்மாவுக்கு ஒரு இறந்தோர் பூசை ஒப்புக்கொடுத்தால் போதும், வழி திறந்துவிடும். அந்தக் காலத்தில் நான் அப்பாவை நம்பவில்லை, இவர் என்றைக்கோ ஒருநாள் அந்தப் பூசையை வைத்துவிடுவார் என்று பல வருடம் காவல் இருந்தேன். அப்பா வைக்கவேயில்லை. நான் வீணாக அவரை முறைத்துப் பார்த்த நாட்கள்தான் மிச்சம்.

மாமியோடு எனக்குத் தீராத மனத்தாங்கல். என் தலைப்பிரசவத்துக்கு வந்து பத்தியம் சமைத்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் தானாகவே சொன்னார்: "அண்டைக்கு உன்ரை பூவை வாங்கியிருந்தால் நீ காலம் முழுக்கக் காத்துக்கொண்டே இருப்பாய் எண்டு பயந்தனான். முடிச்சுவிட்டால் ஆறும் எண்டு நினைச்சன்." நான் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். "ஆறேல்லை மாமி" என்றேன். "ஓம், தெரியுது" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார்.

சண்டை முடிந்து, கடதாசிகளும் சரியாகி, எங்கள் கரைக்குச் சனம் திரும்பலாம் என்று ஆனபின் ஒரு தவக்காலத்தில் நானும் அப்பாவும் ஊருக்குப் போனோம். அப்பாவின் யோசனை அது. "தாய் ஞாயிற்றுக்கு எல்லாரும் தாய்க்கோயிலுக்கு வரவேணும். கொம்மா எங்கை இருந்தாலும், எந்த முகாமிலை கிடந்தாலும், அண்டைக்கு அங்கை வருவா" என்றார். அம்மா ஞானஸ்நானம் பெற்ற கோயில் அது. கூரை புதிது, சுவரில் துளைகள் பழையவை. அம்மாவுக்கென்று வேலியில் பறித்த ஒரு சிவப்புச் செவ்வரத்தம்பூவோடு விடிந்ததும் வாசல் படலையடியில் போய் நின்றோம். வருகிற வயதுபோன பெண்கள் ஒவ்வொருவரின் முகத்தையும் அப்பா குனிந்து பார்த்தார். முக்காடு போட்ட ஒரு மனுசியின் பின்னாலேயே கொஞ்சத் தூரம் போனார். அவர் திரும்பிப் பார்த்துப் பயந்து, "ஆர் ஐயா நீங்கள்?" என்று கேட்டார். அப்பா மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து பழைய இடத்திலேயே நின்றார். பூசை முடிந்து, சனம் கலைந்து, கோயில் கதவைச் சாத்தும்வரை நின்றோம். சாத்தியவர் போகும்போது, "இனி ஒருத்தரும் வரமாட்டினம் ஐயா" என்றார். அந்தச் செவ்வரத்தம்பூவை அப்பா பலெர்மோவரைக்கும் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்தார்.

போன மாரியில் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தார். சன்னலால் நல்ல வெயில். ஊசி ஏற்றியிருந்தது நான் கடித்த கையில். பெருவிரலடியில் அந்தத் தழும்பு ஒரு அரிசி அளவுக்கு மிஞ்சியிருந்தது. என்னைக் கேலி செய்யவேண்டும் என்றால் அதைத் தூக்கிக் காட்டுவார். அன்றைக்கும் கொஞ்சம் தூக்கினார்.

"பிள்ளை, நான் போய்ப் பாக்கிறன்."

"எங்கை அப்பா?"

"அங்கைதான். இஞ்சை தேடவேண்டிய இடமெல்லாம் தேடியாச்சு. கொம்மா அங்கை இருந்தால் எப்பிடியும் உனக்குச் சொல்லி அனுப்புவன். அதுவரைக்கும் பூவை மாதாட்டை வைக்காதை."

"எப்பிடிச் சொல்லி அனுப்புவியள்?"

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அதை நான் பாத்துக்கொள்ளுறன். நீ வைக்காதை, அவ்வளவுதான்."

இரண்டு நாளில் போய்விட்டார்.

இந்தத் தவக்காலத்து நாலாம் ஞாயிற்றுக்கு அதே கோயிலுக்குப் போனேன். என் மகளுக்கு அதுதான் தாய்க்கோயில், அங்கேதான் ஞானஸ்நானம். பிரசங்கம் முடிந்ததும் அவள் வந்து, "மம்மா, இந்தாங்கோ" என்று ஒரு பூவைத் தந்து கன்னத்தில் முத்தமிட்டாள். என் மற்றக் கையில் ஜெரேனியம். சிஞ்ஞோரா என்றைக்கோ செத்துப்போனார், அந்தப் பால்கனியில் இப்போது இருக்கும் வங்காளக் குடும்பம் அதே செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறது. மாமியின் பிள்ளைகள் போய் மாதாவின் காலடியில் மாமிக்காகப் பூ வைத்தார்கள். புதுச் சுவாமி சின்னப் பெடியன், என்னைக் கண்டு, நீங்களும் வரலாம் என்பதுபோல் தலையை அசைத்தார். அவருக்கு என் கதை தெரியாது.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். மாதாவைப் பார்த்தேன், மெழுகுதிரிகளைப் பார்த்தேன், வாசலைப் பார்த்தேன். அப்பா ஏதாவது ஒரு வழியில் சொல்லி அனுப்புவார் என்று கடைசி ஆசீர்வாதம் வரைக்கும் காத்திருந்தேன். ஒரு பூகூட அசையவில்லை. யாரும் என் தோளைத் தொடவில்லை. கோயிலைப் பார்த்துக்கொள்கிற சக்கிறித்தார் மெழுகுதிரிகளை அணைக்கத் தொடங்கியதும் மகளோடு வெளியே வந்தேன். பூவைக் கிளாஸில் வைத்தேன்.

உங்களைக் கேட்கிறேன், என்னோடு வளர்ந்தவர்கள் நீங்கள், பொய் சொல்லாமல் சொல்லுங்கள். என் அப்பா சொன்ன சொல் தவறுகிற மனிதனா? அவர் போய் இவ்வளவு நாளாகிவிட்டது. இன்னும் ஒரு சொல்லும் வரவில்லை. அப்படியென்றால் அம்மா அங்கே இல்லை, இல்லையா?